மின்னழுத்தத்தை மின்னோட்டமாகவும் மின்னோட்டத்தை மின்னழுத்தமாகவும் மாற்றும் டிரான்சிஸ்டர் சுற்றுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கீழே உள்ள கணக்குகள் பெரும்பாலும் ஒரே வேலையைப் பற்றியவை: 0–5 வோல்ட் சிக்னலை 4–20 மில்லிஆம்ப் லூப்பாக (ஒயரில் போய்த் திரும்பும் மின்னோட்டமாக) மாற்றி அனுப்பி, மறுமுனையில் திரும்ப வோல்ட்டாக எடுப்பது. பிசி547, பிடி139 டிரான்சிஸ்டர்கள், எல்எம்358 ஆப்-ஆம்ப் (இரண்டு உள்ளீடுகளின் வித்தியாசத்தைப் பெருக்கும் சிப்), கால் வாட் 1 சதவீத ரெசிஸ்டர்கள் இருந்தால் முக்கால்வாசி முடிந்துவிடும்.

சிக்னலை ஏன் மின்னோட்டமாக மாற்றி அனுப்ப வேண்டும்?

ஒயரின் மின்தடை அளவீட்டைக் கெடுக்காமல் இருப்பதற்காக. 0.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பி கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 35 ஓம். போக, வர 70 ஓம். வாங்கும் கருவியின் உள்ளீட்டு மின்தடை 10 கிலோ ஓம் என்றால், வோல்ட்டாக அனுப்பிய சிக்னலில் 0.7 சதவீதம் வழியிலேயே போய்விடும். வெயிலில் ஒயர் சூடானால் அந்த அளவும் மாறும். அதே ஒயரில் 20 மில்லிஆம்ப் அனுப்பினால் 1.4 வோல்ட் ஒயரில் விழும். ஆனாலும் மறுமுனைக்கு வந்து சேருவது அதே 20 மில்லிஆம்ப்தான். இன்னொரு லாபம், வாங்கும் முனையில் இருப்பது 250 ஓம் போன்ற சிறிய மின்தடை. பக்கத்தில் ஓடும் மோட்டார் கேபிளிலிருந்து ஒட்டிக்கொள்ளும் இரைச்சலால் அதன் குறுக்கே பெரிய வோல்ட்டை உண்டாக்க முடியாது.

0 மில்லிஆம்பில் தொடங்காமல் 4-இல் தொடங்குவது ஏன்?

ஒயர் அறுந்தால் 0 வரும். உண்மையான பூஜ்ய அளவு 4 என்று வைத்துக்கொண்டால் இரண்டும் குழம்பாது. ஆலைக் கருவிகளைப் பயன்படுத்துவோரின் அமைப்பான நாமூரின் என்இ43 பரிந்துரைப்படி 3.8 முதல் 20.5 மில்லிஆம்ப் வரை செல்லுபடியாகும் அளவு, 3.6-க்குக் கீழேயோ 21-க்கு மேலேயோ போனால் கோளாறு என்று பொருள். இரண்டே ஒயரில் வேலை செய்யும் சென்சார்கள் தங்களுக்கு வேண்டிய மின்சாரத்தையும் இந்த 4 மில்லிஆம்புக்குள்ளேயே எடுத்துக்கொள்கின்றன. காற்றழுத்தத்தால் சிக்னல் அனுப்பிய காலத்தில் சதுர அங்குலத்துக்கு 3 முதல் 15 பவுண்டு வரை பயன்படுத்தினார்கள். அதே 1-க்கு 5 விகிதம்தான் இங்கும்.

ஒரே ஒரு டிரான்சிஸ்டரால் மாற்ற முடியாதா?

முடியும், அதன் எல்லை தெரிந்திருந்தால். பேஸ், எமிட்டர், கலெக்டர் என்பவை டிரான்சிஸ்டரின் மூன்று கால்கள். என்பிஎன் வகை டிரான்சிஸ்டரின் பேஸில் சிக்னல், எமிட்டரிலிருந்து கிரவுண்டுக்கு ஒரு ரெசிஸ்டர், கலெக்டருக்கும் சப்ளைக்கும் நடுவே லோடு (மின்னோட்டத்தை வாங்கும் பக்கம்). எமிட்டரில் பேஸை விட 0.65 வோல்ட் குறைவாக நிற்கும். எனவே:

மின்னோட்டம் = (உள்ளீடு − 0.65) ÷ எமிட்டர் ரெசிஸ்டர்

5 வோல்ட், 220 ஓம் என்றால் 4.35 ÷ 220 = 19.8 மில்லிஆம்ப். வோல்ட்டை ஆம்பாக மாற்றுவது இந்த ரெசிஸ்டர்தான். லோடு மாறினாலும் அந்த மின்னோட்டம் மாறாமல் காப்பது டிரான்சிஸ்டரின் வேலை. இந்தப் பக்கத்தில் வரும் எல்லாச் சுற்றுக்கும் இது பொருந்தும். துல்லியம் வேண்டுமென்றால் முதலில் அந்த ரெசிஸ்டரைப் பாருங்கள்.

சிக்கல் அந்த 0.65-இல் இருக்கிறது. ஒவ்வொரு டிகிரி சூட்டுக்கும் அது ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். பெட்டிக்குள் 20 டிகிரியிலிருந்து 50 டிகிரி ஆனால் 60 மில்லிவோல்ட் மாற்றம். 5 வோல்ட் உள்ளீட்டில் அது 1.4 சதவீதப் பிழை; பல வேலைகளுக்குப் பரவாயில்லை. 1 வோல்ட் உள்ளீட்டில் எமிட்டரில் இருப்பதே 0.35 வோல்ட்தான், ஆகவே பிழை 17 சதவீதம். 0.6 வோல்ட்டுக்குக் கீழே சுற்று அசையவே அசையாது.

அந்த 0.65 வோல்ட்டை இன்னொரு டிரான்சிஸ்டரால் ஈடுகட்டலாமா?

ஓரளவு. முன்னால் ஒரு பிஎன்பி (என்பிஎன்னுக்கு எதிர்த்திசையில் மின்னோட்டம் ஓடும் வகை), பிசி557, வையுங்கள்: பேஸில் சிக்னல், கலெக்டர் கிரவுண்டில், எமிட்டரிலிருந்து சப்ளைக்கு 10 கிலோ ஓம். அந்த எமிட்டரை என்பிஎன்னின் பேஸோடு இணையுங்கள். முதலாவது 0.65 ஏற்றும், இரண்டாவது 0.65 இறக்கும். இரண்டிலும் ஓடும் மின்னோட்டம் பத்து மடங்கு வேறுபட்டால் 60 மில்லிவோல்ட் மிச்சம் நிற்கும். ஒன்று சூடாகி மற்றொன்று குளிர்ந்திருந்தாலும் ஈடு கெடும். இரண்டின் தட்டை முகங்களையும் ஒட்டவைத்து மேலே வெப்பச் சுருக்கக் குழாய் போடுங்கள். 2 சதவீதம் போதும் என்றால் இது நல்ல சுற்று. அதற்கு மேல் துல்லியம் வேண்டுமென்றால் ஆப்-ஆம்ப்புக்குப் போய்விடுவது மேல்.

ஆப்-ஆம்ப் வைத்த சுற்றைப் படிப்படியாகச் சொல்லுங்கள்.

சப்ளை 24 வோல்ட். எல்எம்358 அதிகபட்சம் 32 வோல்ட் தாங்கும், எனவே நேராக இணைக்கலாம். அதன் சப்ளைக் கால்களுக்குப் பக்கத்திலேயே 100 நானோஃபேரட் கப்பாசிட்டர் ஒன்று.

உள்ளீட்டை ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீட்டுக்குக் கொடுங்கள். வெளியீட்டிலிருந்து 1 கிலோ ஓம் வழியாக டிரான்சிஸ்டரின் பேஸுக்கு. எமிட்டரை மைனஸ் உள்ளீட்டோடு இணைத்து, அங்கிருந்து கிரவுண்டுக்கு 250 ஓம். கலெக்டருக்கும் 24 வோல்ட்டுக்கும் நடுவே லோடு. எமிட்டரும் உள்ளீடும் ஒரே வோல்ட்டில் நிற்கும்படி பேஸை ஆப்-ஆம்ப் பார்த்துக்கொள்ளும். அதனால் 0.65 கணக்கிலிருந்து மறைந்துவிடும்: 5 வோல்ட்டுக்கு 20 மில்லிஆம்ப்.

250 ஓம் சாதாரண வரிசையில் இல்லை. 240-உம் 270-உம்தான் கிடைக்கும். நான்கு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர்களை இணையாகப் போடுங்கள். 20 மில்லிஆம்பில் மொத்தம் 0.1 வாட், ஒவ்வொன்றுக்கும் 25 மில்லிவாட்தான் பங்கு. தொட்டால் சூடு தெரியாது. இது அழகுக்காகச் சொல்வதில்லை: ரெசிஸ்டர் சூடானால் அதன் மதிப்பு நகரும், மதிப்பு நகர்ந்தால் மின்னோட்டமும் நகரும்.

டிரான்சிஸ்டராக பிசி547 போட்டு, லோடு ஷார்ட் ஆனால் என்ன ஆகும் என்று கணக்கிடுங்கள். கலெக்டரில் 24, எமிட்டரில் 5, நடுவே 19 வோல்ட் × 20 மில்லிஆம்ப் = 0.38 வாட். அந்தச் சிறிய பிளாஸ்டிக் உடலுக்கு வாட்டுக்கு 200 முதல் 250 டிகிரி ஏறும், அதாவது 76 டிகிரிக்கு மேல். 40 டிகிரி அறையில் உள்ளே 116-ஐத் தாண்டும். செத்துப்போகாது, ஆனால் நெடுநாள் உழைப்புக்கு ஏற்றதில்லை. பிடி139 ஹீட் சிங்க் இல்லாமலே வாட்டுக்கு 100 டிகிரிதான், 38 டிகிரியோடு நிற்கும். விலை வித்தியாசம் சொற்பம், பிடி139-ஐயே போடுங்கள்.

11 மில்லிஆம்புக்கு மேல் ஏறவே இல்லை. ஏன்?

ஆப்-ஆம்புக்கு 5 வோல்ட் சப்ளை கொடுத்திருப்பீர்கள். எல்எம்358-இன் வெளியீடு சப்ளையை விட ஏறத்தாழ 1.5 வோல்ட் கீழேயே நின்றுவிடும், இங்கே 3.5. அதில் பேஸ்-எமிட்டருக்கு 0.7, பேஸ் ரெசிஸ்டருக்கு 0.1 போனால் எமிட்டருக்குக் கிடைப்பது 2.7 வோல்ட். 2.7 ÷ 250 = 10.8 மில்லிஆம்ப். ஆப்-ஆம்புக்கு 8 வோல்ட்டுக்குக் குறையாமல் கொடுங்கள்.

இதே அறிகுறி வேறு காரணத்தாலும் வரும்: லோடு மின்தடை அதிகமாக இருப்பது. கலெக்டர் எப்போதும் எமிட்டரை விட 0.3 வோல்ட்டாவது மேலே இருக்க வேண்டும். 24-இல் 5.3 போக லோடுக்கு மிஞ்சுவது 18.7 வோல்ட், அதாவது 20 மில்லிஆம்பில் 935 ஓம் வரை. அதைத் தாண்டினால் டிரான்சிஸ்டர் முழுதாகத் திறந்து, வெறும் சுவிட்ச் ஆகிவிடும். ஒயரின் 70 ஓமையும் இந்தக் கணக்கில் சேர்க்க மறக்காதீர்கள்.

லோடுக்கு மிஞ்சும் வோல்ட் போதவில்லை என்றால் உள்ளீட்டை 1 வோல்ட்டாகக் குறைத்து 50 ஓம் போடலாம், லோடுக்கு 4 வோல்ட் கூடுதலாகக் கிடைக்கும். அதற்கு ஒரு விலை உண்டு. எல்எம்358-இன் ஆஃப்செட் (இரண்டு உள்ளீடுகளுக்கும் நடுவே தங்கிவிடும் வித்தியாசம்) 7 மில்லிவோல்ட் வரை இருக்கலாம். 5 வோல்ட்டில் அது 0.14 சதவீதம், 1 வோல்ட்டில் 0.7 சதவீதம்.

எமிட்டரில் சரியாக 20 காட்டுகிறது, லோடில் 19.9 வருகிறதே?

பேஸ் மின்னோட்டம். ஆப்-ஆம்ப் காவல் காப்பது எமிட்டரை. அதில் ஒரு பங்கு பேஸ் வழியாக வந்தது, லோடு வழியாக வரவில்லை. டிரான்சிஸ்டரின் பெருக்கம் (கலெக்டர் மின்னோட்டம் ÷ பேஸ் மின்னோட்டம்) 200 என்றால் 0.5 சதவீதம் குறையும், அந்தப் பெருக்கமும் சூட்டோடு மாறும். இதை ஒழிக்க 2என்7000 மாஸ்ஃபெட் (பேஸ், எமிட்டருக்குப் பதில் கேட், சோர்ஸ் உள்ள டிரான்சிஸ்டர் வகை) போடுங்கள், அதன் கேட் மின்னோட்டம் எடுக்காது. ஆனால் அது திறக்க 0.8 முதல் 3 வோல்ட் வரை எது வேண்டுமானாலும் தேவைப்படலாம். சோர்ஸில் 5, கேட்டில் அதற்கு மேல் 3 என்று 8 வோல்ட்டுக்கு மேல் ஆப்-ஆம்ப் கொடுக்க வேண்டியிருக்கும். 24 வோல்ட் சப்ளையில் கவலை இல்லை. சூட்டைப் பொறுத்தவரை இதுவும் பிசி547 போன்ற சிறிய உடல்தான், லோடு ஷார்ட் ஆனால் அதே கணக்கு.

0–5 வோல்ட்டை 4–20 ஆக மாற்ற 1 வோல்ட்டை எப்படிச் சேர்ப்பது?

ஐந்து ஒரே மதிப்புள்ள ரெசிஸ்டர்கள் போதும். சிக்னலிலிருந்து ஒன்று, நிலையான 5 வோல்ட் ரெஃபரன்ஸிலிருந்து நான்கைத் தொடராக, இரண்டும் சேரும் இடம் ஆப்-ஆம்பின் பிளஸ் உள்ளீடு. அங்கே வருவது சிக்னலின் 0.8 பங்கும் ரெஃபரன்ஸின் 0.2 பங்கும். சிக்னல் 0 என்றால் 1 வோல்ட், 4 மில்லிஆம்ப். 2.5 என்றால் 3 வோல்ட், 12 மில்லிஆம்ப். 5 என்றால் 5 வோல்ட், 20 மில்லிஆம்ப்.

சிக்னல் கொடுக்கும் பக்கத்தின் மின்தடை இந்த விகிதத்தைக் கெடுக்கும். 10 கிலோ ஓம் பொட்டென்ஷியோமீட்டரின் நடுமுனை 2.5 கிலோ ஓமாகத் தெரியும். ஆகவே ஒரே சிப்பில் இரண்டு ஆப்-ஆம்ப் உள்ள எல்எம்358-இன் மற்றொரு பாதியை பஃபராக (வோல்ட்டை மாற்றாமல் கடத்தும் கட்டமாக) முன்னால் வைப்பார்கள். பலர் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். ஐந்தும் 10 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். சிக்னல் 0 ஆகும்போது ரெஃபரன்ஸிலிருந்து 5 ÷ 50 கிலோ ஓம் = 0.1 மில்லிஆம்ப் பஃபரின் வெளியீட்டுக்குள் பாய வரும். கிரவுண்டுக்கு அருகில் எல்எம்358-ஆல் உள்வாங்க முடிவது 50 மைக்ரோஆம்ப் அளவுதான். அதை மீறினால் வெளியீடு 0-க்கு இறங்காமல் 0.6 வோல்ட்டுக்குப் பக்கத்தில் தொங்கும், லூப் 4-க்குப் பதில் 6 மில்லிஆம்பில் நிற்கும். சிக்னல் ஏறியதும் தானே சரியாகிவிடுவதால் ரெஃபரன்ஸைச் சந்தேகித்து நேரம் வீணாகும்.

தீர்வு: ஐந்தையும் 100 கிலோ ஓம் ஆக்குங்கள். பாய வருவது 10 மைக்ரோஆம்ப் ஆகிவிடும். ஆப்-ஆம்பின் உள்ளீட்டில் ஓடும் சிறு மின்னோட்டத்தால் (பயாஸ் மின்னோட்டம்) சில மில்லிவோல்ட் நகரும், அதை பூஜ்யச் சரிசெய்தலில் எடுத்துவிடலாம்.

லோடின் ஒரு முனை கிரவுண்டில்தான் இருக்க வேண்டும் என்றால்?

பல பிஎல்சி (ஆலை இயந்திரங்களைக் கட்டுப்படுத்தும் கணினி) உள்ளீடுகள் அப்படித்தான். மின்னோட்டம் மேலிருந்து வந்து லோடு வழியாகக் கிரவுண்டுக்கு இறங்க வேண்டும். அதற்கு இரண்டு கட்டம். முதல் கட்டம் மேலே சொன்ன என்பிஎன் சுற்றே, எமிட்டரில் 5 கிலோ ஓம் வைத்து 5 வோல்ட்டுக்கு 1 மில்லிஆம்ப். அதன் கலெக்டரிலிருந்து மேல் சப்ளைக்கு 1 கிலோ ஓம். அதன் குறுக்கே 0–1 வோல்ட். இரண்டாவது ஆப்-ஆம்ப், பிடி140 பிஎன்பி, அதன் எமிட்டரிலிருந்து மேல் சப்ளைக்கு 50 ஓம். 1 கிலோ ஓமின் கீழ்முனை பிளஸ் உள்ளீட்டுக்கு, பிஎன்பியின் எமிட்டர் மைனஸ் உள்ளீட்டுக்கு. 50 ஓமிலும் அதே 1 வோல்ட், ஆகவே 20 மில்லிஆம்ப்.

இதை எல்லாம் 24 வோல்ட்டிலேயே கட்டினால் எல்எம்358 ஏமாற்றும். அதன் உள்ளீடுகள் சப்ளைக்கு 1.5 வோல்ட் கீழ் வரைதான் சரியாக வேலை செய்யும். இங்கே அவை 23–24 வோல்ட்டில் நிற்கின்றன. எளிய வழி: 1 கிலோ ஓம், 50 ஓம் இரண்டின் மேல்முனைகளையும் 7815 ரெகுலேட்டர் தரும் 15 வோல்ட்டில் கட்டுங்கள், ஆப்-ஆம்புக்கு மட்டும் 24 வோல்ட். லோடுக்கு 13.7 வோல்ட், அதாவது 685 ஓம் வரை கிடைக்கும். பேஸுக்கு 1 கிலோ ஓம் தொடராக இருக்கட்டும். ஆப்-ஆம்ப் வெளியீடு 22 வோல்ட் வரை ஏறி பேஸ்-எமிட்டர் சந்தியைத் தலைகீழாக உடைக்காமல் இருக்க ஒரு 1என்4148 டையோடு, அனோடு பேஸில், கேத்தோடு எமிட்டரில்.

கரண்ட் மிரர் போதாதா?

மிரர் என்பது ஒரு டிரான்சிஸ்டரின் மின்னோட்டத்தை இன்னொன்றில் நகலெடுக்கும் சுற்று. தனித்தனியாக வாங்கிய இரண்டு பிசி547 வைத்துத் துல்லியமான மிரர் கட்ட முடியாது. பேஸ்-எமிட்டர் வோல்ட்டில் 18 மில்லிவோல்ட் கூடினால் மின்னோட்டம் இரட்டிப்பாகும், 60 கூடினால் பத்து மடங்கு. ஆகவே 1 மில்லிவோல்ட் பொருத்தமின்மை 4 சதவீதப் பிழை. இரண்டுக்கும் இடையே 1 டிகிரி வித்தியாசம் 8 சதவீதம். ஒன்றை விரலால் பிடித்துப் பாருங்கள், மீட்டர் முள் கண்ணெதிரே நகரும்.

ஒவ்வொரு எமிட்டரிலும் 100 ஓம் சேர்த்தால் 1 மில்லிஆம்பில் அதன் குறுக்கே 100 மில்லிவோல்ட் விழும், பிழை ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகும். இல்லையென்றால் ஒரே உடலுக்குள் ஜோடி டிரான்சிஸ்டர் உள்ள பிசிவி61 வாங்குங்கள்.

1 ஆம்ப் போன்ற பெரிய மின்னோட்டத்துக்கு இதே சுற்று சரிப்படுமா?

அடிப்படை அதுவே. ஐஆர்எஃப்540என் மாஸ்ஃபெட், எமிட்டர் ரெசிஸ்டரின் இடத்தில் 0.1 ஓம் சென்ஸ் ரெசிஸ்டர், 0.1 வோல்ட் உள்ளீடு. ஆனால் மூன்று இடத்தில் கவனம் வேண்டும்.

சூடு: மாஸ்ஃபெட்டின் குறுக்கே 12 வோல்ட் இருந்தால் 12 வாட். ஹீட் சிங்க் இல்லாமல் வாட்டுக்கு 62 டிகிரி ஏறும் பாகம் அது. சில நொடிகளில் போய்விடும்.

செம்புத் தடம்: 1 மில்லிமீட்டர் அகலம், 1 சென்டிமீட்டர் நீளத் தடம் ஏறத்தாழ 5 மில்லிஓம். 0.1 ஓமில் அது 5 சதவீதம். மைனஸ் உள்ளீட்டுக்குப் போகும் ஒயரையும் உள்ளீட்டின் கிரவுண்டையும் சென்ஸ் ரெசிஸ்டரின் கால்களிலேயே தனியாகச் சோல்டர் செய்யுங்கள்.

மூன்றாவது அலைவு. அந்த மாஸ்ஃபெட்டின் கேட் ஏறத்தாழ 2 நானோஃபேரட் கப்பாசிட்டர் போன்றது. எல்எம்358 அதைத் தள்ளும்போது ஃபீட்பேக் (மைனஸ் உள்ளீட்டுக்குத் திரும்பும் சிக்னல்) தாமதமாகி சுற்று தானாகவே ஆடத் தொடங்கும். மல்டிமீட்டரில் சராசரி மட்டுமே தெரியும், எல்லாம் சரி என்று தோன்றும். கை அருகே போனால் அளவு மாறுவதும், கணக்குக்கு மேல் சூடாவதும் இதன் அடையாளம். கேட்டுக்கு 100 ஓம் தொடராக, சோர்ஸிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 10 கிலோ ஓம், ஆப்-ஆம்ப் வெளியீட்டிலிருந்து மைனஸ் உள்ளீட்டுக்கு 1 நானோஃபேரட். பெரும்பாலும் அடங்கிவிடும். ரிலே காயில், சோலனாய்டு போன்ற லோடு என்றால் அதன் குறுக்கே தலைகீழாக ஒரு 1என்4007-உம் வேண்டும்.

மறுமுனையில் மின்னோட்டத்தை வோல்ட்டாக்க ரெசிஸ்டர் மட்டும் போதுமா?

போதும். 250 ஓம் என்றால் 1–5 வோல்ட். 3.3 வோல்ட் மைக்ரோகன்ட்ரோலருக்கு 150 ஓம் போடுங்கள், 0.6–3.0 வோல்ட் கிடைக்கும். மேலேயும் கீழேயும் கோளாறைக் கண்டுபிடிக்க இடம் இருக்கும்.

டிரான்சிஸ்டர் இங்கே தேவைப்படுவது பாதுகாப்புக்கு. யாராவது 24 வோல்ட்டை நேராக உள்ளீட்டில் மாட்டிவிட்டால் 150 ஓமில் 160 மில்லிஆம்ப், 3.8 வாட், கால் வாட் ரெசிஸ்டர் கருகும். முன்னால் ஒரு இரட்டை டிரான்சிஸ்டர் வரம்பி வையுங்கள். பிடி139-இன் கலெக்டரில் லூப் நுழைந்து, எமிட்டரிலிருந்து 22 ஓம் கடந்து 150 ஓமுக்குப் போகட்டும். அதன் கலெக்டரிலிருந்து பேஸுக்கு 4.7 கிலோ ஓம். பிசி547-இன் பேஸ் 22 ஓமின் மேல்முனையில், எமிட்டர் கீழ்முனையில், கலெக்டர் பிடி139-இன் பேஸில். 0.65 ÷ 22 = ஏறத்தாழ 29 மில்லிஆம்பில் பிசி547 விழித்துக்கொண்டு பிடி139-ஐ அடக்கும். 4.7 கிலோ ஓம் வழியாக இன்னும் 4 மில்லிஆம்ப் சேரும். 150 ஓமில் 5 வோல்ட் அளவோடு நிற்கும். மைக்ரோகன்ட்ரோலர் காலுக்கு 10 கிலோ ஓம் தொடராகப் போட்டால் அதுவும் தப்பும். 22-க்குப் பதில் 27 ஓம் போடாதீர்கள். பெட்டி 60 டிகிரி ஆனால் வரம்பு 21.5-க்கு இறங்கி, 20 மில்லிஆம்ப் சிக்னலின் தலையைத் தட்டத் தொடங்கும். இந்த வரம்பி சாதாரண ஓட்டத்திலேயே 2 முதல் 3.5 வோல்ட் தின்னும், அனுப்பும் பக்கக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

போட்டோடையோடு மின்னோட்டத்தை வேகமாக வோல்ட்டாக்க என்ன வழி?

ஒளி பட்டால் மின்னோட்டம் தரும் பிபிடபிள்யூ34 போட்டோடையோடின் கப்பாசிட்டன்ஸ், அதன் குறுக்கே வோல்ட் கொடுக்காதபோது, ஏறத்தாழ 70 பிக்கோஃபேரட். நேராக 100 கிலோ ஓமில் கட்டினால் 7 மைக்ரோநொடி மந்தம். நடுவே காமன் பேஸ் முறையில் (பேஸை நிலையான வோல்ட்டில் வைத்து) ஒரு டிரான்சிஸ்டர் வைத்து எமிட்டரில் போட்டோடையோடை இணைத்தால், எப்போதும் ஓடவிடும் 0.1 மில்லிஆம்ப் பயாஸில் எமிட்டர் 260 ஓமாகவே தெரியும். டையோடு பக்கத்து மந்தம் 18 நானோநொடியாகச் சுருங்கும். கலெக்டர் பக்கத்தில் 100 கிலோ ஓமோடு இரண்டு மூன்று பிக்கோஃபேரட் இருப்பதால் மொத்தம் 0.3 மைக்ரோநொடி அளவில் நிற்கும், இருபது மடங்குக்கு மேல் லாபம். 100 கிலோ ஓமில் பயாஸே 10 வோல்ட் பிடிக்கும், சப்ளை 15 வோல்ட்டுக்கு மேல் வேண்டும். நானோஆம்ப் அளவுச் சிக்னலுக்கு இது வேண்டாம். பயாஸின் இரைச்சல் அதை மூழ்கடிக்கும். அதற்கு ஃபீட்பேக்கில் 1 மெகா ஓம் வைத்த ஆப்-ஆம்ப்தான் சரி.

கட்டி முடித்தேன், வேலை செய்யவில்லை. எங்கே தொடங்குவது?

கால் வரிசையில். பிசி547-இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். பிஎன்2222ஏ அதற்கு நேர் எதிர். பி2என்2222ஏ மறுபடி பிசி547 போலவே. பெயரில் ஒரு 2 கூடியதற்கே கால்கள் தலைகீழாகின்றன. தலைகீழாகப் போட்டாலும் டிரான்சிஸ்டர் அரைகுறையாக வேலை செய்யும் என்பதால் உடனே தெரியாது.

அடுத்து லூப்பை அறுத்து ஆம்ப் மீட்டரைச் செருகாமல், சென்ஸ் ரெசிஸ்டரின் குறுக்கே வோல்ட் அளவெடுங்கள். 250 ஓமில் 3 வோல்ட் என்றால் 12 மில்லிஆம்ப். மீட்டரின் மில்லிஆம்ப் ஃபியூஸ் போயிருந்தால் நல்ல சுற்றும் செத்ததாகக் காட்டும். வோல்ட் அளவுக்கு அந்தத் தொல்லை இல்லை. பிறகு ஆப்-ஆம்பின் இரண்டு உள்ளீடுகளையும் பாருங்கள். சில மில்லிவோல்ட்டுக்குள் ஒன்றாக இருந்தால் அனுப்பும் பக்கம் சரி, கோளாறு சிக்னலிலோ பேஸ் மின்னோட்டத்திலோ இருக்கிறது. வேறுபட்டால் வெளியீட்டை அளவெடுங்கள்: உச்சியில் முட்டி நின்றால் சப்ளை வோல்ட் போதவில்லை அல்லது லூப் அறுந்திருக்கிறது, அடியில் கிடந்தால் பிளஸ், மைனஸ் உள்ளீடுகள் இடம் மாறியிருக்கின்றன.